மஞ்சள் வைத்த கம்பளிக் கோட்டு

மே 14, புதன். பிளெய்ன்ஸ்பரோ.
காலையிலிருந்து தூறல். கோட்டு பார்சல் வந்துவிட்டது. கருநீலக் கம்பளி, எருமை கனம். 1860-களில் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தொண்டர் காலாட்படை போட்டதன் நகல். ஆபீஸில் பக்கத்து சீட் பாப்தான் இந்த வேஷப் பட்டாளத்துக்குக் கேப்டன். சனிக்கிழமை பார்க்கில் பொய்ச் சண்டை. இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் யாரும் என்னை ஒரு வரிசையில் நிற்கக் கூப்பிட்டதில்லை, இமிக்ரேஷன் தவிர. சொதப்பக் கூடாது.
போட்டுப் பார்த்தேன். கல்யாண மண்டப வாட்ச்மேன். தொந்திமேல் பட்டன் ஸ்ட்ரைக்.

மே 15, வியாழன்.
பாப் வீட்டு கராஜில் சோதனை. தொப்பி ஓகே. தண்ணீர்க் குடுவை ஓகே. தோட்டாப் பெட்டி இன்னும் பின்னால் போகணுமாம். காலரைத் திருப்பினான். உள்ளே மஞ்சள்! சரோஜா வேலை. புதுத்துணியாச்சே, எனக்கே சொல்லாமல் தடவியிருக்கிறாள்.
"மஞ்சள் கலர் குதிரைப்படைக்கு. நாம காலாட்படை."
நல்லது நடக்க என் பெண்டாட்டி வைத்தது என்றேன். முறைத்துப் பார்த்தான். நான் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டேன்.
"அப்பவும் சிப்பாய்க்குப் பெண்டாட்டி இருந்தாங்க." காலரை மடித்துவிட்டான். பாஸ்!
கிளம்பும்போது ஒரு குண்டு: "புது ஆளுங்க முதல் வேட்டுலயே சாகணும். அதான் வழக்கம்."

மே 16, வெள்ளி.
வெயில். சரோஜாவிடம் உளறித் தொலைத்தேன்.
"ஏனுங்க, மஞ்ச வெச்ச துணிய மொதமொதல்ல போட்டுட்டு சாகப் போறீங்களா?"
"வேஷம்டி!"
"வேஷமோ என்னமோ. நீங்க உளுந்தா நான் அப்படியே காரெடுத்துட்டுப் போயிருவேனுங்க."
பாப்புக்கு போன் பண்ண எடுப்பதும் வைப்பதுமாக ஒரு நாள் போச்சு. விழுந்தால் வீடு போச்சு. விழாவிட்டால் பட்டாளம் போச்சு. கவலையில் தயிர்சாதம் இறங்கவில்லை. இரண்டு தட்டு மட்டும்.

மே 17, சனி.
கம்பளிக்குள் நான் இட்லி. முதல் வேட்டு. புது ஆட்கள் தொப் தொப். நான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி.
பாப் பல்லைக் கடித்துக்கொண்டு, "செத்துத் தொலை!"
கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டத்திலிருந்து சரோஜா: "உளுந்துராதீங்கோவ்!"
ஓடினேன். நேராக எதிரிப் பட்டாளத்துக்குள். அவர்களும் முழித்தார்கள். ஒரு தாடிக்காரர், "கைதியா?" என்றார். தலையாட்டினேன். மரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள்.
சண்டை முடிந்து பாப் வந்தான், முகம் தக்காளி. இன்றோடு சரி, கோட்டை மடித்து வைக்க வேண்டியதுதான் என்று எழுந்தேன். அவன் என்னைத் தாண்டித் தாடிக்காரரிடம் போனான்.
"எங்க ஆளைக் குடு."
"அடுத்த மாசம் சண்டை போட்டு மீட்டுக்கோ."
கை குலுக்கிக்கொண்டார்கள். அதுவரை நான் எதிரி வசமாம்.
காரில் சரோஜா: "அப்ப ஒரு மாசம் சாப்பாடு அவிங்க ஊட்லீங்களா?"