கேற்றில் கட்டிய வேப்பிலை

கொட்டாஞ்சேனை
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்பின் பேர்ணடெற்றுக்கு,

நீயும் மகள் டெனிஷாவும் அவள் வயிற்றில் இருக்கும் செல்வமும் அந்தோனியார் துணையில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மெல்பேர்ணுக்கு வரும் கிளின்ரனிடம் மிளகாய்த்தூளோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன். போனில் மகள் பக்கத்தில் நிற்பாள், ஒன்றும் மனம்விட்டுக் கதைக்க முடியாது.

நம் வாசல் கேற்றில் வேப்பிலை கட்டியிருந்ததாக யாரோ சொல்லி, நீ பயந்துபோய் டிக்கெட்டை மாற்றி உடனே வரப் பார்க்கிறாயாம். மாற்றாதே. நடந்தது இதுதான்.

போன மாதம் வலது விலா நெருப்பாக எரிந்தது. பிடிப்பு என்று நினைத்து நன்றாகத் தைலம் தேய்த்தேன். பிறகு அந்த இடத்தில் வரிசையாகக் கொப்புளம் போட்டது. சட்டை போட முடியாமல் சாரத்தோடு முன்னால் இருந்தபோது பக்கத்து வீட்டுச் சரோஜினிதேவி கண்டதுதான் தாமதம், ஐயோ அண்ணே, இது அம்மாள் எல்லோ என்று ஓடிப்போய் வேப்பிலை கொண்டுவந்து கட்டிவிட்டார். கத்தோலிக்க வீட்டில் வேப்பிலை! செபமாலைக்கு வந்தவர்கள் கேற்றடியில் நின்றே செபித்துவிட்டுப் போனார்கள். பாண்காரன் பேக்கரி ஓட்டோவில் பாட்டைப் போட்டபடி நம் வீட்டைத் தாண்டிப் பறந்தான். சிரித்துச் சிரித்தே எனக்கு விலா இன்னும் நொந்தது.

டாக்டர் றஷ்மி பார்த்துவிட்டு, இது அக்கி என்றார். அங்கிள், உங்களுக்குக் கொப்பளிப்பான் அம்மாள் எப்ப வந்தது என்று கேட்டார். கலியாணம் முடித்த வருஷம், மனிசி தந்தது என்றேன். அப்போது உன்னைத் தனி அறையில் விடச் சொன்னார்கள், நான் கேட்டேனா? அந்தக் கிருமி அன்றைக்குப் போகவே இல்லையாம். இத்தனை வருஷமும் என் நரம்புக்குள் உறங்கிக் கிடந்ததாம். இரத்தத்தில் இருக்கும் காவல் அணுக்கள்தான் அதை எழும்ப விடாமல் பார்த்திருக்கின்றன. வயது போகப் போக அவை களைத்துவிடுமாம், புதிதாக வேலைக்கு வருவதும் குறைவாம். உடம்பில் ஒளிந்திருக்கும் வேறு பழைய கள்ளர்களைக் காவல் காப்பதிலும் பாதிப் பேர் மினக்கெட்டு நிற்பார்களாம். துறைமுகத்தில் காலம் தள்ளிய எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் வாச்சர்மாரும் அப்படித்தான். எப்படியோ, நீ தந்ததை நான் இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்தேன் பார்!

இப்போது பொருக்கு உதிர்ந்துவிட்டது. எரிவு கொஞ்சம் இருக்கிறது, குளிசை போடுகிறேன். மாடி வீட்டு ஜவாஹிறா கஞ்சி அனுப்புகிறார், உன் கஞ்சியை விட ருசி. கோபிக்காதே. உன் உடம்பிலும் அதே கிருமி உறங்குகிறது. அங்கே தடுப்பூசி இருக்குமாம், மகளிடம் சொல்லிப் போட்டுக்கொள்.

மாதாவின் காவல் உங்கள் மூவருக்கும் இருக்கட்டும். ஞானஸ்நானம் முடிந்த பிறகும் இன்னும் மூன்று மாதம் நிற்கச் சொல்லி டெனிஷா கேட்பாள். முதல் பிள்ளை, ஓம் என்று சொல்லு. ஆனால் ஓம் சொன்னதை எனக்கு உடனே அறிவிக்காதே, பேர்ணி. கொஞ்ச நாளைக்கு, நீ வருகிறாய் என்றே நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

உன்
பீற்றர்