அறுத்துவிட்ட முள்

3-2-86, திங்கள்

வேலையில் சேர்ந்து இன்றோடு பதினொரு நாள். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பெயரைப் பதிந்துவிட்டுப் பன்னிரண்டு வருடம் கார்டைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தவளுக்கு, முப்பத்து நான்காம் வயதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பதிவேடு. நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. இருந்தாலும் அல்ஹம்துலில்லாஹ்.

அரசாங்க வேலை என்றதும் ஃபேனுக்குக் கீழே உட்காரப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். அவர் தையல்காரர், உலகத்தில் எல்லா வேலையும் உட்கார்ந்து செய்வதுதான் அவருக்கு. எனக்கோ தர்மபுரியிலிருந்து முதல் பஸ், பென்னாகரத்தில் மாறி இன்னொரு பஸ், அப்புறம் காவிரிக் கரையில் புளியந்துறை வரை ஒன்றரை மைல் நடை.

அங்கே எங்கள் மீன்வளத் துறை ஒரு புதுத் தூண்டிலைச் சோதித்துப் பார்க்கிறது. ஒரே நீளக் கயிறு, அதில் முந்நூறு முள். சாயங்காலம் ஆற்றில் இறக்கிவிட்டு விடிந்ததும் எடுப்பார்கள். மீன் எவ்வளவு வருகிறது, ஆமைக்கும் நீர்நாய்க்கும் கெடுதல் உண்டா, இரண்டையும் எழுதி வைப்பது என் வேலை. இப்போதைக்கு மாதையன் என்பவரின் பரிசலுக்கு மட்டும் அனுமதி. கெடுதல் இல்லை என்று நான் எழுதினால் முப்பது பரிசலுக்குக் கிடைக்கும்.

12-2-86, புதன்

மாதையனின் மனைவி காசியம்மாள்தான் முந்நூறு முள்ளையும் கட்டுகிறார். கோழிக் குடலை இரையாகக் கோப்பதும் அவரே. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கிறது, கை ஒரு முடிச்சுகூடத் தப்புவதில்லை.

பரிசலில் வருகிறீர்களா என்று மாதையன் கேட்டார். எனக்குத் தண்ணீர் என்றால் வாளி ஆழம் போதும். கரையிலேயே இருக்கிறேன், இறக்குகிற மீனை எழுதிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

இன்று கெளுத்தி 41, வாளை 6. ஆமை இல்லை. நீர்நாய் இல்லை.

15-3-86, சனி

ஆமை இல்லை.

9-4-86, புதன்

ஒவ்வொரு கோடையிலும் இவர்கள் கட்டட வேலைக்குப் பெங்களூர் போவார்களாம். இந்த வருடம் போகவில்லை. ஊரில் கோடையைப் பார்த்தே எட்டு வருடமாயிற்று என்று காசியம்மாள் சொன்னார். நம்முடைய வெயிலில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்தபோது என் வயிறு நிறைந்தது. என் எழுத்தால் இப்படி இன்னும் இருபத்தொன்பது குடும்பம்.

தொலைந்த முள் என்று பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறது. இந்த வாரம் பதினொன்று. காரணம்: பாறை. ஆறு முழுக்கப் பாறைதானே.

2-5-86, வெள்ளி

மூன்று மாத அறிக்கை சென்னைக்குப் போய்விட்டது. மேலதிகாரி முனிராஜ் சார் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து முத்தாக இருக்கிறது என்றார். ஆமை: இல்லை. நீர்நாய்: இல்லை. பரிந்துரை: முப்பது பரிசல்.

வரும் வழியில் வீட்டுக்குக் கால் கிலோ மைசூர்பாகு வாங்கினேன். படைத்தவனுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

13-5-86, செவ்வாய்

நோன்பு மூன்றாம் நாள். நாக்கு ஒட்டிக்கொள்கிற வெயில்.

நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே காசியம்மாள் நிழற்குடையில் காத்திருந்தார். என்றும் அங்கே வராதவர். நேராகப் பரிசல் துறைக்குக் கீழே உள்ள மணல்திட்டுக்கு அழைத்துப் போனார். ஒரு பாலாமை செத்துக் கிடந்தது. இரண்டு கையாலும் தூக்க முடியாத அளவு. வாயோரம் ஒரு சாண் தூண்டில் நரம்பு தொங்கியது.

"முடிச்சு நான் போட்டதுங்க," என்றார் காசியம்மாள்.

எனக்குப் புரியவில்லை. ஆமையே மாட்டுவதில்லையே என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாட்டுமுங்க. பரிசல்ல ஏத்தமாட்டோம். ஏத்துனா அது சாமிக் குத்தம். பக்கத்துல வந்ததும் கும்புட்டுட்டு நரம்ப அறுத்து வுட்டுருவாரு. முள்ளு தானா வுளுந்துரும்னு இருந்தோமுங்க."

அப்படியானால் — தொலைந்த முள் எல்லாம் —

நான் கேட்டதே இல்லை. கரைக்கு வந்ததை எழுதினேன். கரைக்கு வராததை யார் எழுதுவது? பாறை என்று நானே எழுதிக்கொண்டேன். ஆற்றுக்குள் ஒரு பாறையையாவது பார்த்தேனா நான்? அறிவு இருக்கிறதா எனக்கு? மூணு மாசமா உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்து முத்து முத்தா எழுதியிருக்கேனே!

காசியம்மாள் அதை மணலில் புதைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அனுமதி வந்திருக்கும். சொன்னால் தன் பிழைப்பில் மண் விழும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் பஸ் நிறுத்தம் வரை வந்திருக்கிறார்.

14-5-86, புதன்

நேற்று தர்மபுரிக்குப் போகவில்லை. காசியம்மாள் வீட்டில் தங்கினேன். விடிந்ததும் பரிசலில் ஏறினேன். பரிசல் சுற்றியது, எனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதி முடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

முந்நூறு முள்ளில் ஐந்து ஆமை. மாதையன் ஒவ்வொன்றையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வழக்கம்போல அறுக்கப் போய், கை அப்படியே நின்றுவிட்டது. நேற்று மணல்திட்டில் கிடந்ததை அவரும் பார்த்தார். அறுக்கவும் முடியவில்லை, ஏற்றவும் முடியவில்லை. கடைசியில் அறுத்தார். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கயிற்றின் கடைசியில் ஒரு நீர்நாய். மீனைத் தின்ன வந்து மாட்டி மூழ்கியிருக்கிறது. பால் மடி இருந்தது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

15-5-86, வியாழன்

தகுதிகாண் பருவம் இரண்டு வருடம். பொய் அறிக்கை என்று வேலை போய்விட்டால்? வீட்டுக்காரரிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். "தப்பாத் தச்சா பிரிச்சுத் தைக்கிறதில்லையா? பிரி," என்றார். அவ்வளவுதான். மறுபடி மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். இந்த மனிதரை எனக்குப் பார்த்து வைத்த என் மாமியை இன்று நினைத்துக்கொண்டேன்.

16-5-86, வெள்ளி

முனிராஜ் சார் முழுவதையும் கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.

முதல் அறிக்கை தவறு என்று நானே எழுத வேண்டும், தொலைந்த முள் நூற்று நாற்பத்தாறையும் அதில் சேர்க்க வேண்டும், சோதனையை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றார். எழுதி நீட்டினேன். "நீங்க மட்டும் போட்டா எப்படிம்மா? படிக்காம பாராட்டுனது நான்தானே," என்று என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் போட்டார்.

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவுகிற மாதிரி அழுதேன். இப்படி ஒருவரின் கீழ் வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

11-6-86, புதன்

பெருநாள் கழிந்தது. மாதையனும் காசியம்மாளும் பெங்களூர் பஸ்ஸைப் பிடிக்கத் தர்மபுரி வந்தவர்கள் வீடு தேடி வந்தார்கள். கோடை முடிந்த பிறகு போகிறார்கள், என்னால். அதைச் சொன்னேன். "உங்களாலயா? நான் வந்து சொல்லலீனா உங்களுக்கென்னங்க தெரியும்," என்றார் காசியம்மாள். மிச்சமிருந்த பிரியாணியை இலையில் கட்டிக் கொடுத்தேன். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

22-8-86, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. முப்பது பரிசல் இல்லை. அடியோடு தடையும் இல்லை. ஆறு பரிசல், விதிகளோடு. விடிந்த பிறகுதான் கயிறு இறக்க வேண்டும், மத்தியானத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அதுவரை ஆள் கூடவே இருக்க வேண்டும். முள் நூறுதான். குடல் கூடாது, புண்ணாக்கு உருண்டைதான். மணல்திட்டுப் பக்கம் போகவே கூடாது. ஆமை மாட்டினால் பரிசலில் ஏற்றி முள்ளை எடுத்த பிறகே விட வேண்டும். பெங்களூர் போகுமுன் காசியம்மாள் சொன்ன யோசனைதான் பாதி. நான் எழுதி அனுப்பினேன்.

என் தகுதிகாண் பருவம் ஒரு வருடம் நீட்டிப்பு. வேலை போகவில்லை. நன்றி சொல்லி ஷுக்ரானா தொழுகை இரண்டு ரக்அத்.

19-9-86, வெள்ளி

மாதையன் திரும்பி வந்துவிட்டார். எல்லா விதிக்கும் தலையாட்டியவர் கடைசி விதியில் நின்றுவிட்டார். "எங்க அப்பன் காலத்துலருந்து ஆமையப் பரிசல்ல ஏத்துனதில்லீங்க," என்றார். அவர் ஏற்றாவிட்டால் மற்ற ஐந்து பேரும் ஏற்றமாட்டார்கள்.

நான் வாதம் பண்ணவில்லை. சாமியின் வாயில் முள்ளை வைத்து அனுப்புவது குத்தமில்லையா என்று காசியம்மாள்தான் கேட்டார். மாதையன் எழுந்து போனார்.

24-9-86, புதன்

ஏற்றினார். ஈரக் கோணியால் தலையை மூடிப் பிடித்து, முள்ளை வளைத்து எடுத்து, இரண்டு கையாலும் தண்ணீரில் இறக்கிவிட்டார். பிறகு வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் பரிசலில்தான் இருந்தேன். பயம் அப்படியேதான் இருக்கிறது.

30-9-86, செவ்வாய்

ஆமை கடிக்கிறது என்று வீட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவர் கெட்டித் தார்ப்பாயில் முழங்கை வரை ஆறு ஜோடி கையுறை தைத்து வைத்திருக்கிறார்.

12-1-87, திங்கள்

சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஆறு பரிசல்காரர்களையும் துறையில் நிறுத்தி, போன வாரம் யாருக்கு எத்தனை ஆமை மாட்டியது என்று நேராகக் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எண்ணிக்கை கூடினால் அனுமதி போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பதிவேடு என்னிடம்தான் இருந்தது. ஆனால் நான் போன பரிசல்களைத் தவிர மற்றதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் எனக்கே தெரியும்.

மாதையன் ஒரு அடி முன்னால் வந்தார். "எனக்கு ரெண்டுங்க. முள்ளு எடுத்துத்தான் வுட்டேன்." பக்கத்தில் இருந்தவர் ஒன்று என்றார். அடுத்தவர் இல்லை என்றார். அடுத்தவர் ஒன்று. அதற்கடுத்தவர் இல்லை. கடைசியாகச் சென்றாயன். அவருக்குத்தான் வேலை மிகவும் தேவை, வீட்டில் ஏழு பேர். தரையைப் பார்த்தபடி நின்றார்.

"எனக்கு ஒண்ணுங்க. இன்னைக்குக் காலையில. செத்துப்போச்சு."

பரிசலில் இருந்த கோணியை விலக்கிக் காட்டினார். அறுத்துவிட்டிருந்தால் ஆற்றோடு போயிருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஈரக் கோணி போட்டு வெயில் படாமல் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். பெரிய அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, எழுதிக்கொள்ளுங்கள் அம்மா என்றார். அனுமதி அடுத்த வருடத்துக்கும் இதே ஆறு பேருக்குத்தான் என்று ஜீப்பில் ஏறும்போது முனிராஜ் சாரிடம் சொன்னாராம்.

அவர்கள் போன பிறகு அந்த ஆமையைப் பரிசல்காரர் ஆறு பேரும் நானுமாகச் சேர்ந்து மேட்டில் புதைத்தோம். சென்றாயன் குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டச் சொன்னார். எனக்கு மூன்று மணி பஸ்தான் கிடைத்தது.