மகளை எரித்த தாயின் பாட்டு

ஜனவரி 6, செவ்வாய்
வாடைக்காற்று நிற்கவில்லை. கீரிக் கடலில் இன்றும் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. துவைத்தது எதுவும் காயவில்லை.

பழைய பௌத்தத் துறவிப் பெண்கள் பாடியவை, தமிழில். மூன்றாம் முறை வாசிக்கிறேன். அதில் ஒரு பாட்டில், மகளை எரித்த சுடலையில் நின்று அழும் தாய். சில வரிகளுக்குள் அழுகை நின்றுவிடுகிறது. நம்ப முடியவில்லை. ஆங்கிலத்தின் வழியாக வந்த தமிழ் இது. அவசரப்பட்டவர் மொழிபெயர்த்தவரோ? மூலத்தைப் பார்க்காமல் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டக் கூடாது.

வயலுக்குப் போன அண்ணாவை ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போனபோது எனக்கு ஏழு வயது. அவர் திரும்பி வரவில்லை. பிறகு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களை அம்மா படலை வாசலோடு அனுப்பிவிட்டார்.

ஜனவரி 7, புதன்
மழை. கந்தோரில் கோப்பு வேலை குறைவு. பாளி மூலம் இணையத்தில் கிடைத்தது, ஆங்கில எழுத்தில், மேலும் கீழும் புள்ளிகளோடு. வாய்க்குள் வரவில்லை. தமிழ் எழுத்தில் தேடினேன், இல்லை. பக்கத்து மேசை நிரோஷாவிடம் கேட்டேன். அநுராதபுரத்துப் பிள்ளை.

“எங்கட வீட்ல இருக்கு அக்கா, சிங்கள எழுத்தில. ஒருத்தரும் திறக்கிறதில்ல. நீங்க என்ன, மொட்டை அடிக்கப் போறீங்களா?”

“உம்மட கலியாணச் சாப்பாடு சாப்பிட்டிட்டுத்தான்.”

ஜனவரி 12, திங்கள்
புத்தகம் வந்தது. ஓரமெல்லாம் பூச்சி தின்றது. கந்தோர்ப் பரீட்சைக்காகப் படித்த சிங்கள எழுத்து, இதற்கு உதவுகிறது. பொருளுக்குத் தொலைபேசியில் அகராதி, சொல் சொல்லாக. மூலத்திலும் அழுகை அவ்வளவு விரைவாகத்தான் நிற்கிறது. மொழிபெயர்த்தவரில் பிழையில்லை. ஏமாற்றம்.

சத்தமாக வாசித்துப் பார்த்தேன். குசினியிலிருந்து அம்மா அகப்பையோடு வந்து நின்றார்.

“நிப்பாட்டு பிள்ளை.”

“பழைய பாட்டு அம்மா.”

“எனக்குத் தெரியாதே? ஆமிக் காம்ப் ஸ்பீக்கரில காலமை காலமை போடுறவங்கள். உன்ர அண்ணனைக் கேட்டு காம்ப் வாசல்ல இருக்கேக்க முழுக்க இந்தச் சத்தம்தான். என்ர வீட்டுக்குள்ள வேண்டாம்.”

பிரித், பிக்குகள் ஓதுவது. அதே பாளி. எனக்குத் தோன்றவேயில்லை. நான் தேடித் திரிந்த மொழி அம்மாவின் காதுக்குள் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறது.

இரவு சாப்பிடவில்லை, இருவரும்.

ஜனவரி 13, செவ்வாய்
காற்றுக் கொஞ்சம் குறைவு. பொங்கலுக்குச் சர்க்கரை, பயறு. நுளம்புச் சுருள். புத்தகத்தை நிரோஷாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், இப்போதைக்கு அலுமாரிக்குள்.

பின்னேரம் அம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

“என்ன சொல்லுது அந்தப் பாட்டு?”

சொன்னேன். தாய், மகள், அழுகை நின்றது. செத்துப்போன என்ற சொல்லை விட்டுவிட்டேன். சுடலை என்று சொன்ன பிறகு அதை விட்டென்ன.

அம்மா அடுத்த மீனை எடுத்துச் செதிளைச் சுரண்டினார்.

“பிள்ளையின்ர உடம்பை அவளிட்டக் குடுத்தவங்களோ?”

“ஓம் அம்மா. அவளே எரிச்சவள்.”

“பிறகென்ன. அழுகை நிக்கும்தானே.”

செதிள் தண்ணீரைத் தென்னையடியில் ஊற்றப் போனார்.