பாடியது நான், மச்சான்

என் தங்கையைக் கட்டி என் வீட்டுக்குள் வந்து, என் தொண்டைக்குள்ளும் குடியிருந்த மச்சான் செல்லத்துரைக்கு,

நீ போய் இன்றோடு இருபத்துநாலு நாள். முப்பத்தோராம் நாளுக்கு உன் பேரில் நினைவு மலர் அடிக்கிறார்கள். டொக்டர்மார், சங்கத் தலைவர் எல்லாரும் உன் குரல் தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "மாமா, நீங்களும் ஏதாவது சொல்லுங்கோ" என்று உன் மகள் வதனி கேட்டாள். எனக்கு எழுத்து வாசிப்பு இல்லை. நான் சொல்ல அவள் எழுதுகிறாள். பரமட்டாவில், உன் வீட்டில், உன் கதிரையில்தான் இருக்கிறேன். நல்ல சொகுசான கதிரை.

இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களில் தொப்பி போட்டுக் குதிரையில் வந்து பாடும் கவ்போய் நீ ஒருவன்தான். மூன்று படம். மூன்றாவது நாலு நாள் ஓடியது. மன்னாரில் முள்ளுப்பற்றைக் காட்டை அமெரிக்கா என்று காட்டினார்கள். குதிரை நெடுந்தீவிலிருந்து வந்தது, மட்டக் குதிரை. நீ ஏறினால் சப்பாத்து நிலத்தில் தட்டும். அது ஒரு அடி எடுத்து வைத்தாலே "ஐயோ, பிடியடா தம்பையா!" என்று என்னைப் பார்த்துக் கத்துவாய். அதனால் பாட்டுக் காட்சிகளில் நீ இருந்தது எண்ணெய்ப் பீப்பாயின் மேல். இரண்டு பேர் அதை ஆட்ட, உன் முகத்தை மட்டும் படம் பிடித்தார்கள். நல்ல முகம், அதை நான் மறுக்கவில்லை.

பாட்டு? கொழும்பில் ஒலிப்பதிவு நடந்த அறைக்குள் முதலில் நீதான் போனாய். அரை மணித்தியாலத்தில் இசையமைப்பாளர் உன்னை வெளியே அனுப்பினார். "தம்பி, நீர் வாயை மட்டும் அசையும்." துணைக்கு வந்து வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டார். ஒருமுறை பாடிக் காட்டினார். ஒருமுறை கேட்டதைப் பாடினேன். மூன்று படத்துக்கும் பதினொரு பாட்டு, எல்லாம் அப்படித்தான்.

முதல் படம் யாழ்ப்பாணத்தில் வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் போனோம். திரையில் எழுத்து ஓடியது. நீ விரலை நீட்டினாய். "அந்தா பார், உன்ரை பேர்." எவ்வளவு பெரிய எழுத்து! நான் அழுதேன். பக்கத்தில் இருந்த என் தங்கை சிரித்தாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும், மச்சான்.

பிறகு கடல் கடந்து இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்தோம். பொங்கல் விழாவா, பள்ளிக்கூட நிதிவிழாவா, நீ தொப்பியோடு மேடையில் நிற்பாய். என் பாட்டுக் கசெற் ஓடும், நீ வாயசைப்பாய். முதல் வரிசையில் இருந்து நான் கைதட்டுவேன். சனத்துக்குத் தெரியாவிட்டாலும் படத்தில் என் பேர் இருக்கிறதே என்ற திருப்தி எனக்கு.

போன வருடம் வதனி அந்தப் படத்தை எங்கேயோ தேடிப்பிடித்து டிவியில் போட்டாள். எழுத்து ஓடும்போது பெருமையாகச் சத்தம்போட்டு வாசித்தாள். "நடிப்பும் பாடல்களும், அப்பா!"

"அதுக்குக் கீழ என்ன கிடக்கு, பிள்ளை?" என்று கேட்டேன்.

"குதிரை தந்தவர்களுக்கு நன்றி எண்டு கிடக்கு, மாமா."

நீ இதே கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாய். நித்திரை இல்லை. உன் கால் பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

என் முகத்தைப் பார்த்து நீ ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னாயா? அடுத்த கிழமை வந்தாய், வேறு அலுவலாக. கலைவிழாவில் கசெற் வேண்டாம், நேரே பாடவேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்களாம். "திரைக்குப் பின்னால மைக் வைக்கிறன். முந்தி மாதிரிப் பாடிவிடடா."

"ஓம்" என்றேன்.

விழாவன்று பல்லவி பாடினேன். முதல் சரணம் பாடினேன், உனக்கு விசில் பறந்தது. இரண்டாவது சரணத்தின் நடுவில், நீ இரண்டு கையையும் விரித்து வாயைப் பெரிதாகத் திறந்த இடத்தில், நிறுத்தினேன். திரைச்சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டுதான் நிறுத்தினேன். வாத்தியம் போய்க்கொண்டிருந்தது. உன் வாய் இன்னும் இரண்டு வரி அசைந்தது, மச்சான். முதலில் சின்னப்பிள்ளைகள்தான் சிரித்தார்கள்.

காரில் கேட்டாய், "என்னடா, பாட்டு மறந்து போச்சோ?"

"எனக்கு ஒண்டும் மறக்காது."

அதற்குப் பிறகு நீ மேடை ஏறவில்லை. சாப்பாட்டைக் குறைத்தாய். வெஸ்ட்மீட் ஆசுபத்திரியில் படுத்தாய். டொக்டர்மார் நெஞ்சு வருத்தம் என்றார்கள். அன்று நான் நிறுத்தியதற்காக வருந்துகிறேனா? வதனியின் பேனை நின்றுவிட்டது. என்னைப் பார்க்கிறாள். இல்லை பிள்ளை, வருந்தவில்லை. அதையும் எழுது.

அவள் அழுகிறாள். எனக்கும் உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. கடைசி மூன்று கிழமையும் உனக்குக் கஞ்சி பருக்கியது நான்தான். அப்போதும் அந்த ஒரு சொல் உன் வாயில் வரவில்லை.

"மாமா, இதை இப்பிடியே போடட்டோ?"

"போடு. கடைசியில பாடகர் தம்பையா எண்டு போடு. பிறகு வேற ஆரையும் கூப்பிட்டு வாசிப்பிச்சுப் பாக்கவேணும்."

"ஏன், என்னை நம்பமாட்டியளோ?"

"உன்ரை அப்பாவை நம்பினனான், பிள்ளை."

மச்சான், உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் உன் படத்துக்குப் பக்கத்தில், சனத்துக்கு முன்னால், அந்தப் பாட்டை வாத்தியம் இல்லாமல் முழுதாகப் பாடுவேன். விட்ட இடத்தையும் சேர்த்துப் பாடுவேன். இந்த முறை உன் வாய் அசையாது.

இப்படிக்கு,
உன் மனைவியின் தமையன்,
பாடகர் தம்பையா