உயிரோடிருப்பவனுக்குப் பூசை

கலே துறைமுகம், 1361
சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள ஆமிஸுக்கு,

உன் புருஷன் தர்ஸ்டன் எழுதிக்கொள்வது. பேய் பிசாசு என்று அலறாதே, உயிரோடுதான் இருக்கிறேன். சண்டையில் அடிபட்டுப் பிரெஞ்சுக்காரனிடம் சிறைப்பட்டுக் கிடந்தேன். சமாதானமானதும் விட்டுவிட்டார்கள். நேற்று நம் ஊர்க் கம்பளி வியாபாரி வில்கினைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டான். "அண்ணே, தினம் காலையில உங்க ஆத்துமத்துக்குப் பூசை நடக்குதே! அண்ணி ஆத்தோரத்து நிலத்தையே கோயிலுக்கு எழுதி வெச்சு, அதுக்குன்னே ஒரு சாமியாரையும் அமர்த்தியிருக்காங்க" என்கிறான்.

உயிரோடிருப்பவனுக்கு மரித்தவர் பூசை வைத்தால் அவன் செத்துப்போவான் என்று உனக்குத் தெரியாதா? விடியற்காலைதோறும் எனக்கு ஏன் குளிர்காய்ச்சல் வருகிறது என்று இப்போதுதான் புரிகிறது. உடனே நிறுத்து. காய்ச்சல் விட்டதும் கப்பல் ஏறி வந்துவிடுவேன்.

தர்ஸ்டன்

*

தோர்ன்பி, யார்க் சீமை
புனித அந்திரேயா திருநாள்

என் கணவருக்கு ஆமிஸ் வணக்கத்துடன் சொல்வது. எழுதுகிறவர் ஹாமோ சாமியார். உங்கள் பூசையைப் பாடுகிறவரும் அவரே.

நீங்கள் பிழைத்திருப்பதற்குக் கர்த்தருக்குத் தோத்திரம். உங்களோடு சண்டைக்குப் போன கூட்டாளி உங்கள் இடைவாரைக் கொண்டுவந்து கொடுத்து, "கண்ணால பாத்தேன், போயிட்டாரு" என்றார். நிஜமாகவே அழுதேன். நீங்கள் அடித்த அடியில் என் இடது காது கேட்காமல் போனது உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. அந்தப் பாவம் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் வேகிறீர்களே என்று பதறித்தான் நல்ல நிலமாகப் பார்த்து எழுதிவைத்தேன். இறந்தவரை முழுமனதாக மன்னித்தேன்.

பூசையை நிறுத்தும்படி நான் இன்னும் சொல்லவில்லை. நிறுத்தினால் நீங்கள் வருவீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. சாமியார் எழுதாமல் என் முகத்தையே பார்க்கிறார். "எழுதுங்க சாமி, அதையும் எழுதுங்க" என்றேன்.

பசு கன்று போட்டிருக்கிறது.

ஆமிஸ்

*

கலே
கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்

அடி பாதகி!

ஒரு காதுக்கு என் உயிரையா கேட்கிறாய்? கட்டினவன் கை ஓங்காத வீடு எங்கே இருக்கிறது? வந்தேனென்றால் உன்னையும் அந்தச் சாமியாரையும் ஆற்றில் தள்ளாமல் விடமாட்டேன்.

மேலே எழுதியதை விட்டுவிடு. அது நேற்று எழுதியது. இன்று எழுந்து உட்கார முடியவில்லை. உன் கடிதத்தைக் கொண்டுவந்த வில்கின்தான் கஞ்சி ஊற்றினான். சாகப் பயமாக இருக்கிறது, ஆமிஸ். போர்க்களத்தில்கூட இப்படிப் பயந்ததில்லை. இனி உன்மேல் கை வைக்க மாட்டேன், மாதாமேல் ஆணை. என் பெயரை மட்டும் எடுக்கச் சொல்லடி.

உன் தர்ஸ்டன்

*

தோர்ன்பி
மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், 1362

தர்ஸ்டனுக்கு,

உங்கள் பெயரை எடுத்தாகிவிட்டது. கல்நெஞ்சுக்காரியாக இருந்து பார்த்தேன், முடியவில்லை.

ஆனால் சாமியார், "ஆயர் முத்திரை போட்ட சாசனம்மா. நெலத்தை வாங்கிட்டு வெறும் பூசை பாட முடியாது. செத்தவங்க யார் பேரையாவது சொல்லியே ஆகணும்" என்றார்.

"என் பேரைச் சொல்லுங்க."

"உசுரோட இருக்கறவளுக்கா? வெளையாடுறியாம்மா?"

"நெலம் என்னுது, பேரும் என்னுது. பாடுங்க சாமி."

முகம் கறுத்துப்போய்த்தான் பாடினார். என் ஆத்துமம் இளைப்பாற வேண்டும் என்று அவர் பாடியதை முன்வரிசையில் முழந்தாளிட்டுக் கேட்டேன். ஊர்ச்சனம் என்னை வெறித்துப் பார்த்தது. வீட்டுக்கு வந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வயிறாரச் சாப்பிட்டேன். அன்று தூங்கினாற்போல் நான் கல்யாணத்துக்குப் பிறகு தூங்கியதே இல்லை.

உங்கள் காய்ச்சல் விடட்டும். நீங்கள் நூறு வயது இருங்கள். உங்கள் பெண்சாதி ஊரறியச் செத்துவிட்டாள், அவளைத் தேடிக் கப்பல் ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற ஆமிஸ்