இரண்டு கதவு வண்டி

மாங்கெரே,
ஜூலை, ஞாயிறு மாலை

அன்புள்ள நிகோ அண்ணாவுக்கு,

அனிவா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். இங்கே ஜூலைக் குளிருக்கு அம்மாவின் முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது, வேறொன்றும் இல்லை. சுரங்க முகாமில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, மேலே போர்த்திக்கொள்ள ஏதாவது தருகிறார்களா என்று கேட்கச் சொன்னாள். பாலைவனத்தில் எதற்கம்மா போர்வை என்றால், இரவில் அங்கேயும் குளிருமாம். யாரோ சொன்னார்களாம்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் வீடு முழுவதும் காதை நீட்டுகிறது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "சரிண்ணா, வச்சிடறேன்" என்றுதான் எனக்கு வாயில் வரும். எழுத்தில் நான் கொஞ்சம் தைரியசாலி.

விஷயம் இதுதான். நான் கார் வாங்கிவிட்டேன்.

கடைசிப் பருவத்துக்கு என்னைப் புகெகோஹே பள்ளிக்கூடத்தில் பயிற்சி ஆசிரியையாகப் போட்டிருக்கிறார்கள். பஸ் பிடித்துப் போனால் முதல் மணி அடித்து முடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும். பேக்கரி வேலையில் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு ஹெண்டர்சனில் ஒரு சின்ன வெள்ளைக் காரைப் பார்க்கப் போனேன். ராடிச் என்ற பெரியவர் தன் மனைவியின் காரை விற்பதாகப் போட்டிருந்தார். நான் போவதற்குள் அது விற்றுவிட்டது. "வந்தது வந்துட்ட பொண்ணு, கொட்டகையில இன்னொண்ணு நிக்குது, பாத்துட்டுப் போ" என்றார். அவருக்குக் கண் மங்கிவிட்டதால் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டு விட்டார்களாம்.

கரும்பச்சை நிறம். இரண்டே கதவு. ஜப்பானில் யாரோ பெரிய அதிகாரி வைத்திருந்து, இங்கே கப்பலில் வந்த பழைய சொகுசு வண்டி. நீ என்ன சொல்வாய் என்று தெரியும். மலிவாகக் கிடைக்கும் சொகுசுக் காரைப்போலச் செலவு வைப்பது உலகத்தில் வேறில்லை என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். உள்ளே உட்கார்ந்தபோதுகூட அது ஞாபகம் இருந்தது. ஆனால் கதவைச் சாத்தினேன் அண்ணா. அவ்வளவுதான், வெளியுலகம் நின்றுவிட்டது. நம் வீட்டில் குளியலறையில்கூட அப்படி ஓர் அமைதி கிடையாது. தோல் இருக்கை, மரப் பலகை பதித்த முகப்பு, அந்த அமைதி. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ராடிச் ஜன்னலோரம் குனிந்து, "நாலாயிரம் டாலர்" என்றார். பெரியவரிடம் குறைத்துக் கேட்க எனக்கு எப்படி வாய் வரும்? என்னிடம் அவ்வளவு இல்லை என்று சொல்லவும் வெட்கம். பேசாமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, மூவாயிரத்து ஐந்நூறு" என்றார். அதற்கும் எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றவர், "அடேயப்பா, ரொம்ப அழுத்தக்காரிதான் நீ! மூவாயிரம். இதுக்கு மேல என் உயிரைத்தான் கேக்கணும்" என்று கையை நீட்டினார். என் கூச்சத்துக்குப் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் வரும்படி.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் தெருவே கூடிவிட்டது. செஃபினா அத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பாதிக் கதவைக் காணோமே, பாதிக் காசுதானே குடுத்த?" என்று கேட்டாள். அப்பா, "ஒம்பது பேர் இருக்கிற வீட்டுக்கு இதுல எவன் ஏறுவான்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மாவுக்கு மட்டும் பிடித்திருக்கிறது. சாவி போட்டதும் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறது. அம்மா ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நம் மொழியில் "தாலோஃபா" என்று பதில் வணக்கம் சொல்கிறாள்.

ஒரு குறை உண்டு. ராத்திரி நிறுத்தினால் காலையில் வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடாத குறையாக உட்கார்ந்திருக்கிறது. சாவி போட்டால் மெதுவாக எழுந்து நிற்கிறது. அடியில் ஸ்ப்ரிங்குக்குப் பதில் காற்றுப்பை வைத்திருக்கிறார்களாம். என்ன செய்யலாம் என்று எழுது. போனில் ஒரு வரி அனுப்பினாலும் போதும்.

இனி அம்மா கேட்கச் சொன்னது. செப்டம்பரில் என் பட்டமளிப்பு. நம் வீட்டில் முதல் பட்டம் என்று அம்மா இப்போதே மாலை கோக்க ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நீ வருவாயா? "அவர் கூப்பிடட்டும், வர்றேன்" என்று போன தடவை சொன்னாய். "அவன் வீட்டுக்கு அவனை நான் என்ன கூப்பிடுறது?" என்று அப்பா சொல்கிறார். குடும்பத் தலைவர் பட்டம் ஏற்கத் தீவிலுள்ள நம் ஊருக்குப் போனபோது, செலவுக்கென்று உன் நீல வண்டியை உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் விற்றதை நான் நியாயம் என்று சொல்ல வரவில்லை. நீ ஒவ்வொரு ஆணியாகத் தேடித் தேடிப் பூட்டிய வண்டி அது. அவர் வளர்ந்த முறையில், பிள்ளையுடையது குடும்பத்துடையது. தகப்பன் மகனிடம் மன்னிப்புக் கேட்டு அவரும் பார்த்ததில்லை, நாமும் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா சாப்பாட்டு மேசையில் உன் தட்டை வைக்கலாமா வேண்டாமா என்று திண்டாடுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை,
அனிவா


மாங்கெரே,
ஆகஸ்ட் தொடக்கம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் செய்தி வந்தது. "காத்துப்பை வேணாம். சாதா ஸ்ப்ரிங் போடு. பின்னாடி முதல்ல." இத்தனை நாளுக்குப் பிறகு இவ்வளவுதானா என்று ஒருத்தி கோபித்துக்கொள்ளலாம். நான் அதைப் பேக்கரியில் ரொட்டி அடுக்கும்போதெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அதற்குள் வண்டித் தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோய்த் தோற்றுவிட்டு வந்திருந்தேன். ஆய்வு செய்த ரங்கி என்பவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது காரா, வெயில்ல படுத்திருக்கிற நாயா?" என்றார். புதுக் காற்றுப்பை விலையைக் கேட்டேன். வண்டி விலையை விடக் கூடுதல். "வண்டி வாங்கறது கல்யாணம் மாதிரி. செலவு அதுக்கப்புறம்தான்" என்று ஆறுதல் வேறு சொன்னார். டயர்கூட அந்த அளவில் மலிவாகக் கிடையாது. பெட்ரோல் குடிப்பதைப் பற்றி எழுதினால் நீ திட்டுவாய், எழுதவில்லை. வாரத்தில் இரண்டு நாள் கூடுதலாகப் பேக்கரிக்குப் போகிறேன், கவலைப்படாதே.

ஒத்தாஹூஹூ பழைய உடைசல் யார்டில், அதே கம்பெனியின் நாலு கதவு வண்டி ஒன்று மூக்கு நசுங்கிக் கிடந்தது. அதன் ஸ்ப்ரிங் இதற்குச் சேரும் என்று ரங்கி சொன்னார். சனிக்கிழமை தன் பட்டறையில் ஓரமாக இடம் தருவதாகவும், ஸ்ப்ரிங்கை அமுக்கிப் பூட்டுவதை மட்டும் தானே செய்வதாகவும், மற்றதை நான் கழற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

நான் கிளம்பும்போது அப்பா வாசலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். எங்கேப்பா என்று கேட்டதற்கு, "சும்மா" என்றார். சும்மா வந்தவர், வந்ததிலிருந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் படுத்திருந்தார். அவருக்கு வண்டி வேலை எதுவும் தெரியாது என்று உனக்குத் தெரியும். டார்ச் வெளிச்சம் பாதி நேரம் என் கண்ணில்தான் விழுந்தது.

"அவன் என்ன சொன்னான்?" என்றார்.

"சாதா ஸ்ப்ரிங் போடச் சொன்னான்ப்பா. பின்னாடி முதல்ல."

டார்ச்சைக் கை மாற்றிப் பிடித்தார். "எவ்வளவு இறுக்கணும்னு சொன்னானா?"

"இல்லப்பா."

"வேற?"

"அவ்வளவுதான்."

"நல்லா இருக்கானாமா?"

"ஸ்ப்ரிங் பத்தி மட்டும்தான் எழுதியிருக்கான்ப்பா."

"ம்" என்றார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ஸ்ப்ரிங் பத்தி எழுதறவன் நல்லாத்தான் இருப்பான்" என்றார்.

ரங்கி எனக்குக் கண்ணால் ஏதோ கேட்டார். நான் நட்டைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

வண்டி இப்போது காலையிலும் நிமிர்ந்து நிற்கிறது. சான்றும் கொடுத்துவிட்டார்கள். முன்னே கொஞ்சம் தடதடக்கிறது. அதைப் பற்றியும் எழுது. நிறைய எழுது. எனக்காக இல்லாவிட்டாலும், என்னைத் திரும்பத் திரும்ப "வேற?" என்று கேட்கிற ஒருவருக்காக எழுது.

அன்புடன்,
அனிவா


மாங்கெரே,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்புள்ள நிகோ அண்ணாவுக்கு,

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் எனக்குத் தைரியம் போய்விடும்.

ஜெபம் பண்ணாத வண்டியில் பட்டம் வாங்கப் போகக் கூடாது என்று செஃபினா அத்தை பிடிவாதமாக இருந்தாள். ஆராதனை முடிந்ததும் போதகர் வெளியே வந்து வண்டியின் மேல் கை வைத்து ஜெபித்தார். சபை முழுவதும் வெள்ளை உடுப்பும் வெள்ளைத் தொப்பியுமாக வாகன நிறுத்தத்தில் நின்றது. அத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றதில், "ஆமென்" சொல்லக்கூட எனக்குக் குரல் எழும்பவில்லை. ஜெபம் முடிந்ததும் போதகர், "முதல்ல அப்பாவை உக்கார வச்சு ஒரு சுத்துச் சுத்திட்டு வாம்மா" என்றார்.

அப்பா வந்தார். வெள்ளைக் கோட்டு, இடுப்பில் கஞ்சி போட்ட லாவாலாவா, தலைவர் பட்டம் ஏற்றபோது போட்ட அதே பவழ நிறக் கழுத்துமாலை. நான் ஓடிப்போய் முன் கதவைத் திறந்தேன். அவர் உட்காரவில்லை. இருக்கையின் பக்கவாட்டில் தடவித் தடவி எதையோ தேடினார். விசையைக் கண்டுபிடித்து முன் இருக்கையை மடக்கினார். பிறகு குனிந்து, அந்தச் சின்ன இடுக்கு வழியாகப் பின் இருக்கைக்குள் நுழையத் தொடங்கினார்.

நம் அப்பாவின் உடம்பு உனக்குத் தெரியும். பாதி போனதும் மாட்டிக்கொண்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தை பதறிப்போய், "தானியேலு! உனக்கென்ன பைத்தியமாடா? பின்னாடி பிள்ளைங்க உக்கார்ற இடம்டா அது! முன்னாடி வாடா!" என்று கத்தினாள்.

உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. "முன்னாடி ஆள் இருக்கு."

"யாரு? என் கண்ணுக்கு ஒருத்தரும் தெரியலையே?"

"வருவான்."

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அத்தை சுலபத்தில் விடுகிறவளா? "அவன் வர்ற வரைக்கும் நான் உக்கார்றேன்" என்று ஒரு காலை உள்ளே வைத்தாள். "அக்கா, இறங்கு. உனக்கு வேன் இருக்கு" என்றார் அப்பா. அக்காவிடம் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆச்சரியம், அத்தை காலை எடுத்துவிட்டாள்.

நான் ஓட்டினேன். அந்தக் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவதால் அப்பா கழுத்தை வளைத்துத் தலையைக் குனிந்தபடியேதான் உட்கார முடிந்தது. ஊர்க்காரர்கள் தெருவில் முன் இருக்கையைப் பார்த்துக் கையாட்டி, அங்கே ஆளில்லாமல் விழித்து, பின்னால் குனிந்திருப்பவர் யார் என்று தெரிந்ததும் கையை இறக்கிக்கொண்டார்கள். கண்ணாடியில் எனக்கு அவருடைய தலைமயிர் மட்டும்தான் தெரிந்தது. நன்றாக நரைத்துவிட்டது, அண்ணா.

பாலம் தாண்டும்போது, "அந்த நீல வண்டியைப் போய்ப் பாத்தேன்" என்றார்.

நான் வேகத்தைக் குறைத்தேன்.

"பாபாகுராவுல இருக்கு. வாங்கினவன் நல்லாத்தான் வச்சிருக்கான். திருப்பித் தர்றியான்னு கேட்டேன். மாட்டேன்னுட்டான். மறுபடியும் போனேன். அவன் பொண்டாட்டி வந்து, இனிமே வராதீங்கன்னு சொல்லிட்டா."

எப்போது போனார், எப்படிப் போனார், எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாதாம்.

தேவாலயத்துக்குத் திரும்பி வந்து, நான் இறங்கி என் ஓட்டுநர் இருக்கையை மடக்கினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கையால் மறுபக்கத்தைக் காட்டினார். நான் சுற்றிப் போய் அந்தக் கதவைத் திறந்து, முன் இருக்கையை மடக்கிப் பிடித்தேன். அதன் பிறகுதான் வந்தார். உள்ளேயிருப்பவர் தானாக அதிலிருந்து வெளியே வருவது கஷ்டம். வெளியே ஒருவர் நின்று வழிவிட வேண்டும்.

நாம் சின்னப் பிள்ளைகளாக ஊருக்குப் போனபோது பார்த்த இஃபோங்கா, அந்த மன்னிப்புக் கேட்கும் சடங்கு, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெரிய மனிதர் தலையோடு பாயைப் போர்த்திக்கொண்டு, விடியலிலிருந்து அடுத்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன தப்புச் செய்தார் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டார் வெளியே வந்து பாயை விலக்கும் வரை அவர் வாயைத் திறக்காமல் அப்படியே இருக்க வேண்டுமாம். வெயில் ஏறிக்கொண்டே போனது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வீட்டுக்காரங்க ஏன் இன்னும் வெளியே வரல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

பட்டமளிப்பு அன்றும் இப்படியே வருவதாக அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். மாங்கெரேயிலிருந்து நகரம் வரை, நெடுஞ்சாலை முழுக்க. வேனில் வாருங்கள் என்று எல்லோரும் கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள். அவர் கேட்பதாக இல்லை. அவரைக் கேலி செய்து பார்க்கலாம் என்று அத்தை போனாள், அழுதுகொண்டு திரும்பி வந்தாள்.

பயணச்சீட்டைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. சுரங்கத்தில் விடுப்புக் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்றும் எனக்குத் தெரியும். கடவுள் உன்னைக் கீழேயும் மேலேயும் காக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு மண்டப வாசலில் வண்டி நின்றதும், யாராவது அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, முன் இருக்கையை மடக்கி, கை கொடுத்தால்தான் அவர் இறங்குவார். நான் கறுப்பு அங்கியும் தலையில் சதுரத் தொப்பியுமாக, கழுத்து கொள்ளாத மாலைகளோடு நிற்பேன். என்னால் குனிய முடியாது, அண்ணா.

உன் தங்கை,
அனிவா