உனக்காக விட்ட இடம்

ஹெப்பாள், மைசூரு
20 ஜூலை 2025

அன்புள்ளவருக்கு,

நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. போனில் பேசினால் பாதியிலேயே சண்டை வந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். தையல் மிஷின் பழுதுபார்க்க இரண்டே வருடம் என்று அடிஸ் அபாபா போனீர்கள். இதோ மூன்றாவது தசரா வரப்போகிறது. கம்பெனி பஸ்ஸில் பசம்மா தினமும், "யாவாக பர்த்தாரே?" என்கிறாள். எப்போது வருவீர்கள் என்பது எனக்கே தெரிந்தால்தானே சொல்ல?

நம் ஆர்க்கெஸ்ட்ரா கணேசன் அண்ணன் தசரா மேடை பிடித்திருக்கிறார். உங்கள் சாக்ஸபோன் இல்லாமல் பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்: வருகிறீர்களா?

உங்கள்
வினிதா

அடிஸ் அபாபா
10 ஆகஸ்ட் 2025

என் வினிதாவுக்கு,

கோபப்படாதே. லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் டிக்கெட்தான்.

ஞாயிறு மாலைகளில் ஓர் ஓட்டல் குழுவில் வாசிக்கிறேன். இவர்கள் ஊர்ப் பாட்டில் திசிதா என்று ஒரு வகை உண்டு. ஞாபகம் என்று அர்த்தமாம். முதல் நாள் கேட்டுத் திகைத்துப் போனேன், நம் மோகன ராகத்தின் அதே ஐந்து ஸ்வரம்! அதை ஜாஸோடு கலந்து வாசிக்கிறார்கள். சாக்ஸ் எங்கெங்கோ அலைந்துவிட்டு அந்த ஐந்துக்குள் வந்து சேரும்போது உன் ஞாபகம் தாங்கவில்லை.

குழுவில் பாட்டுக்காரி கிடையாது. நம் மேடையில் உனக்காக நிறுத்துவேனே, அதேபோல் நாலு ஆவர்த்தனம் வாசிக்காமல் விட்டேன். "அங்க என் பெண்டாட்டி பாடுவா" என்று அவர்களிடம் சொன்னேன். பதிவை போனில் அனுப்பியிருக்கிறேன். நீ பாடிப் பார்.

உன்
பிரசாந்த்

ஹெப்பாள், மைசூரு
7 செப்டம்பர் 2025

பிரசாந்துக்கு,

பதிவைக் கேட்டேன். முதல் தடவை அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறீர்கள்.

இரண்டாம் தடவை, நீங்கள் விட்ட இடத்தில் பாட மூச்சை இழுத்தேன். அதே நொடியில் பதிவிலும் ஒரு மூச்சு கேட்டது. ஒரு பெண்ணின் மூச்சு. பாட எடுத்து, இன்றைக்குப் பாடக் கூடாது என்பது ஞாபகம் வந்து, அடக்கிக்கொண்டாள்.

ஒன்பது வருடம் மைக் முன்னால் நின்றவளுக்கு இது தெரியாதா? வாராவாரம் அந்த இடத்தில் பாடுகிறவளுக்குத்தான் அவ்வளவு சரியாக மூச்சு வரும். குழுவில் பாட்டுக்காரி இருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் ஏன் இல்லை என்று எழுத வேண்டும்? அந்த ஒரு வரியில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது.

உங்களைப் பார்க்க வேண்டும்போல இன்றைக்கும் இருக்கிறது. அதை மறைக்க எனக்குத் தெரியாது. ஆனால் கணேசன் அண்ணனிடம் தசராவுக்குப் பாடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாக்ஸபோன் வரும் இடத்தில் கீபோர்டு வாசிப்பார்கள்.

எனக்காக அவளை இனிமேல் நிறுத்தி வைக்காதீர்கள். பாடட்டும்.

வினிதா